நாலாவது சிரிப்பு

இன்றைக்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. செய்யப்போவது முன்னாலேயே தெரிந்துவிட்டால் பயம் போய்விடும், பயம் போனால் சிரிப்பு வராது, சிரிப்பு வராவிட்டால் பாட்டு இல்லை, அதனால் எனக்குத் தெரியாமல்தான் செய்வார்கள். பவுடர் போடுகிற இந்தப் பெண் என் கன்னத்தில் பிரஷ்ஷைச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள், அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, கண்ணாடிக்குள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துப் பல்லைக் காட்டிக்கொள்கிறோம். இவளுக்குத் தெரியுமோ. சாயம் பூசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று காதுக்குப் பக்கத்தில் எதையாவது வெடிக்கச் சொல்லியிருப்பார்களோ. இல்லை, இப்போதே வெடித்தால் வீணாகிவிடும், மேடைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சிரிப்பு ஆறிப்போகக்கூடாது என்பான் பிரவின். சோறு ஆறுகிற மாதிரி சொல்வான். அக்கா, சுடச்சுட வேணும்க்கா. பதினாறு நாடு பாடுகிற போட்டி, எங்கள் நாட்டுக்குப் பாட்டுப் பாட நான் வந்திருக்கிறேன், பூங்காவனம், சிரம்பானில் பெட்ரோல் ஸ்டேஷனில் கவுண்டரில் நிற்கிறவள், பாட வராது, ஆட வராது, சிரிக்க மட்டும் வரும், அதுவும் நானாகச் சிரிப்பதில்லை. கழுத்துக்குக் கீழே சட்டை முழுக்க மினுமினுப்பு ஒட்டியிருக்கிறது. என் ஸ்டேஷன் சட்டை மாதிரியே தைத்து அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள், அசைந்தால் கழுத்தில் குத்துகிறது, மைக்கைக்கூட பெட்ரோல் அடிக்கிற குழாய் மாதிரி செய்துவிட்டார்கள். பத்திரிகையில் ஒருவர் எழுதினார், இந்தக் கூத்தைத்தான் நாட்டின் பேரில் அனுப்ப வேண்டுமா, நமக்குப் பாடகர்களே இல்லையா என்று. நியாயமான கேள்வி. என் மகள் லோஷினி போனில் படித்துக் காட்டியபோது நானும் அதைத்தான் சொன்னேன். பேசாம இருங்கம்மா என்றாள். அவளுக்கு இன்றைக்கு ஈப்போவில் தாதியர் பரீட்சை முடிகிற நாள். அவள் வரமுடியாது. வராதது நல்லது. இங்கே இருந்தால் அவளை வைத்தே ஏதாவது செய்வார்கள்.

ஸ்டேஷனில் அது நடந்த அன்றைக்கும் மத்தியானம்தான். சோறு சாப்பிட்டுவிட்டு வந்து நின்றேன், வெயில் தரையில் எண்ணெய் மாதிரி மிதந்தது, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருத்தன் உள்ளே வந்தான், ரொட்டி வாங்க வந்தவன் மாதிரி மெதுவாகத்தான் வந்தான், சட்டைக்குள்ளிருந்து பாராங் கத்தியை எடுத்துக் கண்ணாடித் தடுப்புக்கு மேலாக நீட்டினான். கத்தியின் முனையில் துரு இருந்தது. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது, துரு, பிறகு ஹெல்மெட்டுக்குள்ளே இரண்டு கண், அந்தக் கண்ணும் பயந்துபோய் இருந்தது. வயிற்றுக்குள் ஒன்று திரண்டு மேலே ஏறியது, நான் பல்லைக் கடித்தேன், பல்லைக் கடித்தால் மூக்கு வழியாக வரும், வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அவன் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தான், போலீஸ் வந்துவிட்டதோ என்று நினைத்தானோ, நான் பைத்தியமென்று நினைத்தானோ, கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். பிஸ்கட் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண் எல்லாவற்றையும் போனில் எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் நாடு பூராவும் நான்தான். கத்தியைப் பார்த்துச் சிரித்த வீரப்பெண். பெட்ரோல் அடிக்க வருகிறவர்கள் காடியை விட்டு இறங்கி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள், அக்கா ஒரு தடவ சிரிங்கக்கா என்றார்கள், எனக்கு வரவில்லை, எப்படி வரும், அவர்கள் கையில் கத்தி இல்லையே. பிறகு பிரவின் வந்தான். பிரவின்ராஜ், பாட்டு போடுகிற தம்பி, நல்ல பையன், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தான். என் சிரிப்பை வெட்டித் தாளத்தில் போட்டிருந்தான். அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் சத்தம் என் வாய் இல்லாமல் தனியாகச் சிரிக்கிறது. பாட்டுக்குப் பேர் தாக்குட் ஆப்பா. மலாயில் என்ன பயம் என்று அர்த்தம். ஹாஃபிஸ் என்கிற பையன் தங்கநிற கோட்டு போட்டுக்கொண்டு பாடுவான், இருட்டைப் பார்த்து என்ன பயம், வேலை போனால் என்ன பயம், மாமியார் வந்தால் என்ன பயம், ஒவ்வொன்றுக்கும் பிறகு நான் சிரிக்க வேண்டும். மொத்தம் நாலு சிரிப்பு. நாலாவதுதான் பெரியது. அதில் தாளமெல்லாம் நின்றுவிடும், விளக்கெல்லாம் அணைந்து என்மேல் மட்டும் ஒன்று விழும், நான் மட்டும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும், ஹாஃபிஸ் கையை இறக்குகிறவரை.

ஸ்டூடியோவில் முதல்நாள் பூராவும் வரவில்லை. யாரோ சொன்ன வேடிக்கைக்கெல்லாம் மரியாதைக்கு ஹி ஹி என்றேன். பிரவின் கோபப்படவில்லை, சுடுதண்ணி கொண்டுவந்து கொடுத்தான், பரவால்லக்கா, நாளைக்குப் பாப்போம் என்றான். அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்ற விளக்குக் கம்பம் சாய்ந்து விழுந்தது. யாரும் தள்ளவில்லை, தானாக விழுந்தது, கண்ணாடி உடைகிற சத்தம், நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்த இடத்திலேயே வந்தது, அதே சிரிப்பு, பெட்ரோல் ஸ்டேஷன் சிரிப்பு. எல்லாரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். பிரவின் மட்டும் சிரிக்கவில்லை. கீழே கிடந்த கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கம்பத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கணக்குப் பிள்ளைக்கு விடை கிடைத்த பார்வை. அதற்குப் பிறகு என்னைச் சுற்றி ஏதாவது விழுந்துகொண்டே இருந்தது. பலூன் வெடித்தது, நாற்காலி சறுக்கியது, பைக்குள் கையை விட்டால் ரப்பர் பாம்பு. ஒவ்வொரு தடவையும் சாரிக்கா என்று பதறிக்கொண்டு ஓடிவருவான். நான் யார்மேல் கோபப்படுவது. வேடிக்கை செய்கிறார்கள், பாட்டே வேடிக்கைப் பாட்டுதானே. ஆனால் மனுசிக்கு எதுவும் பழகிவிடுகிறது, பலூன் பழகியது, பாம்பு பழகியது, பெரிசு பெரிசாக வேண்டியிருந்தது. பதிவு செய்த சிரிப்பையே போடுங்களேன் என்று கேட்டேன். போட்டி விதி அக்கா, மேடையில வர்ற குரல் எல்லாம் நேரா வரணும், ஒரு இருமல்கூட பதிவா இருக்கக் கூடாது என்றான். முந்தாநாள் அரையிறுதியில் லிஃப்டில் நின்றுகொண்டிருக்கிறேன், மேடைக்குக் கீழே, தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான காலடி, அது ஏறப்போகிற நேரத்தில் ஓடிவந்து என் காதில் சொன்னான். அக்கா, ஈப்போலேர்ந்து போன் வந்துச்சி, லோஷினிக்கு ஆக்சிடெண்ட். சொல்லி முடிக்கவும் லிஃப்ட் ஏறவும் சரியாக இருந்தது. நான் சிரித்தேன். மூன்று நிமிடமும் சிரித்தேன், இடம் தப்பியும் சிரித்தேன், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, என் மகள் ரோட்டில் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் வளைந்து வளைந்து சிரிக்கிறேன். கீழே வந்ததும் பிரவின் என் காலில் விழுந்தான். நிஜமாகவே விழுந்தான். பொய்க்கா, பொய், பாப்பா நல்லாருக்கா, மன்னிச்சிருங்கக்கா, வேற வழி தெரியல என்று அழுதான். நான் அவன் தலையைத் தொட்டு எழுப்பினேன். ஏன் எழுப்பினேன். மிதித்திருக்க வேண்டும். லோஷினியின் குரலைக் கேட்கிறவரை என் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தது, அவளிடம் இதைச் சொல்லவும் இல்லை.

"அக்கா, சுடுதண்ணி." வந்துவிட்டான். கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவான். இன்றைக்குப் புதுச்சட்டை, திருநீறு, கையில் மூடிபோட்ட குவளை. பவுடர் போடுகிறவள் ஒதுங்கி நிற்கிறாள். குவளையை வாங்கிக்கொள்கிறேன், குடிக்கவில்லை, இதில் ஏதாவது போட்டிருந்தால், சீ, அப்படியெல்லாம் செய்யமாட்டான். செய்யமாட்டானா.

"தம்பி, இன்னைக்கி என்ன செய்யப் போற. எங்கிட்ட சொல்லிடு. நான் அப்படியே சிரிச்சிர்றேன். சத்தியமா."

"ஒன்னுமே இல்லக்கா. இன்னைக்கி எந்த வேலையும் இல்ல. அன்னிக்கே எங்கம்மா திட்டிட்டாங்க. ஒரு பொம்பளகிட்ட போயி அப்படியாடா சொல்லுவன்னு." குனிந்து என் முழங்கால் பக்கத்தில் உட்காருகிறான். "இன்னைக்கி ஒங்களுக்கு நல்லதுதான் நடக்கும். ஒங்க முகத்தப் பாத்து நாடே அழணும். சந்தோசத்துல."

"சந்தோசத்துல எனக்குச் சிரிப்பு வராது தம்பி."

"வரும்க்கா," என்கிறான், என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறான். கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் அவன் செருப்புச் சத்தம் ஓடுகிறது. ஓடுகிற அளவுக்கு என்ன அவசரம்.

நல்லது. நல்லது என்று சொன்னவர்கள் முகங்களை நினைத்துப் பார்க்கிறேன். பன்னிரண்டு வயதில் அப்பா செத்துக்கிடந்தபோது, வாம்மா, அப்பாவ கடைசியா ஒரு தடவ பாத்துக்க, நல்லதும்மா என்று பெட்டிக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். எனக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாலை கலைந்துபோய்விட்டது, சித்தப்பா என் முடியைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார், இழுக்க இழுக்க அதிகமாகச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் பிரம்பை எடுத்தாலே சிரிப்பேன், அதற்கு ஒரு அடி கூடுதல். டாக்டரிடம் போகவில்லை, எந்த டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வது. பிறகு சன்னாசி. நல்ல மாப்பிள்ளை, போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், குடிப்பதில்லை என்றார்கள், உண்மைதான், அவன் குடித்ததே இல்லை, தெளிவாகத்தான் இருப்பான். கல்யாணமான புதிதில் சட்டைக்குப் பித்தான் தைக்கவில்லை என்று கையை ஓங்கினான், நான் சிரித்துவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. யாரப் பாத்துடி சிரிக்கிற என்று கேட்டான், ரொம்ப மெதுவாக. அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. கோபம் வந்தால் தாடை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசையும், பல்லில் எதையோ அரைக்கிற மாதிரி, அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றில் திரள ஆரம்பித்துவிடும். சிரித்தால் அடிப்பான், அடித்தால் சிரிப்பேன், சிரித்தால் அடிப்பான். மலிவு விலை அடுக்குமாடி, சுவர் ரொம்ப மெல்லிசு, பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் படியில் பார்த்துச் சொன்னாள், ஒங்க வீட்லதான்மா எந்நேரமும் சிரிப்புச் சத்தம், கேக்கவே நல்லாருக்கு, எங்க வீட்டு ஆளு வாயத் தொறந்து பேசுறதே இல்ல. நான் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு ஆமாக்கா என்றேன். லோஷினிக்கு மட்டும் தெரியும். சின்னப் பிள்ளையிலேயே நான் சிரிக்க ஆரம்பித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மற்ற பிள்ளைகள் அம்மா அழுதால் பயப்படும், என் பிள்ளை நான் சிரித்தால் பயப்பட்டாள். அதைப் பார்த்த ஒரு காலையில்தான் ஒரு பையில் துணியை அள்ளிக்கொண்டு சிரம்பான் பஸ்ஸில் ஏறினேன். எட்டு வருசம் அவன் வரவில்லை, தேடவில்லை, தேடினானோ, கிடைக்கவில்லையோ. வீடியோ வந்த பிறகு ஸ்டேஷன் வாசலில் கண்டெய்னர் லாரி எது வந்து நின்றாலும் கவுண்டருக்குக் கீழே குனிந்துகொள்வேன். கீழே எதையோ தேடுகிற மாதிரி. பிரவின் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டான், அண்ணன் எங்கக்கா இருக்காரு. தெரியாதுப்பா என்றேன். சரிக்கா என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் அவன் கேட்கவே இல்லை, கேட்காமல் விட்டதை இப்போது எதற்கு நினைக்கிறேன்.

கூட்டிக்கொண்டு போகிறார்கள். நீளமான நடை, சுவர் ஓரமாக மற்ற நாட்டுக்காரர்கள், இறகு வைத்த பெண்கள், முகம் முழுக்க வெள்ளி பூசிய ஒரு ஆள், என்னைப் பார்த்ததும் ஹா ஹா ஹா என்று கட்டைவிரலைக் காட்டுகிறான், எல்லாருக்கும் நான் ஹா ஹா ஹாதான், பேர் தெரியாது. கொள்ளைக்காரன் வேசம் போட்ட ஆட்டக்காரப் பையன்கள் கறுப்பு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுடைய பாராங் பஞ்சுக் கத்தி, நான் தினமும் தொட்டுப் பார்க்கிறேன், இன்றைக்கும் தொட்டுப் பார்க்கிறேன், அமுங்குகிறது, நல்லது. ஒன்று மட்டும் அமுங்காமல் இருந்தால். எல்லாவற்றையும் தொட்டுவிட்டேன். ஒரு ஆள் என் இடுப்பில் புதிதாக ஒரு வார் கட்டுகிறான். இது நேற்று இல்லை. எதுக்கு என்று சைகையில் கேட்கிறேன், அவன் மேலே கையைக் காட்டி, கீழே கையைக் காட்டி, தலையை ஆட்டுகிறான். மேலே தூக்குவார்களா. தூக்கிக் கீழே விடுவார்களா. பாதி உயரத்தில் கயிறு அறுந்த மாதிரி சடக்கென்று ஒரு அடி இறக்கினால் போதும், எனக்கு வந்துவிடும், அதுதானா பிரவின் நல்லது என்றது, சரி, அதுவாகவே இருக்கட்டும், கயிறாக இருக்கட்டும், சாமி, கயிறாகவே இருக்கட்டும். மகளுக்குப் போன் பண்ணிவிட்டு வந்திருக்கலாம். பரீட்சை முடிந்து விடுதிக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள், கூட்டாளிகளெல்லாம் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள், அவள் மட்டும் தலையணையை மடியில் இறுக்கிக்கொண்டு. லிஃப்டில் ஏறி நிற்கிறேன். இது ஒரு பெட்டி மாதிரி, மூன்று பக்கமும் கறுப்புத்துணி, மேலே மூடி. ஹாஃபிஸும் என்கூட நிற்கிறான், தங்கக் கோட்டு, கழுத்தில் வேர்வை, உதடு தானாகப் பாட்டு வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாவம், இவனுக்கும் பயம்தான், இவன் பயம் வேர்வையாக வருகிறது. மேலே எங்கள் நாட்டின் பேரைச் சொல்கிறார்கள். தலைக்கு மேல் இரைச்சல். என்னைத் தேற்றுவதற்காகவோ தன்னைத் தேற்றிக்கொள்வதற்காகவோ ஹாஃபிஸ் மலாயில் சொல்கிறான்.

"அக்கா, கவலைப்படாதீங்க. உங்க குடும்பம்கூட வந்திருக்கே. முதல் வரிசையில பார்த்தேன்."

லோஷினியா. வந்துவிட்டாளா. பரீட்சையை விட்டுவிட்டா வந்தாள். ஒரு நொடி நெஞ்சில் அப்படியொரு குளிர்ச்சி, பிரவின் சொன்ன நல்லது இதுதானா, அவனைப் போய் எப்படியெல்லாம் நினைத்துவிட்டேன். "என் மகளா," என்று கேட்கிறேன்.

"இல்லையே. உங்க வீட்டுக்காரர். ரொம்ப அமைதியான மனுசர் அக்கா. என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு."

லிஃப்ட் ஏறுகிறது.

வெளிச்சம். ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை, முழுக்க வெள்ளை, தாளம் காலுக்குக் கீழே அடிக்கிறது, ஹாஃபிஸ் ஓடிவிட்டான், ஆட்டக்காரர்கள் ஹெல்மெட்டோடு சுற்றி வருகிறார்கள், கண் மெல்ல மெல்லப் பழகுகிறது, பழகாமல் இருக்கக் கூடாதா, முதல் வரிசை, ஒவ்வொரு நாட்டுக் குடும்பத்துக்கும் இரண்டு நாற்காலி, எங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன். கோட்டு போட்டிருக்கிறான். யாரோ வாங்கிக் கொடுத்த கோட்டு, தோள்பட்டை பெரிசாக இருக்கிறது. முடி நரைத்திருக்கிறது, இளைத்திருக்கிறான், வேறு யாரோ, வேறு யாரோவாக இருக்கட்டும், அவன் கொடியை ஆட்டவில்லை, முட்டிமேல் நேராக நிறுத்திப் பிடித்திருக்கிறான், சன்னாசி எதையும் அப்படித்தான் பிடிப்பான். இருட்டைப் பார்த்து என்ன பயம் என்று ஹாஃபிஸ் பாடுகிறான். முதல் சிரிப்பு. வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, இடுப்பு வார் இறுக்குகிறது, வயிற்றிலிருந்து கிழித்துக்கொண்டு வருகிறது, கூட்டம் ஓவென்று கத்துகிறது, சன்னாசி லேசாகச் சிரிக்கிறான், பக்கத்து ஆட்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான், இது என் பெண்டாட்டி என்கிற மாதிரி. கேமரா அவன் முகத்துக்குப் போகிறது, பின்னால் பெரிய திரையில் அவன் முகம், ஒரு வீடு உயரத்துக்கு அவன் முகம், எல்லாரும் கைதட்டுகிறார்கள், எவ்வளவு நல்ல குடும்பம். வேலை போனால் என்ன பயம். இரண்டாவது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை ஆயிரம் பேரில் அவனுக்கு மட்டும் இந்தச் சத்தம் தெரியும், மற்றவர்களுக்கு இது பாட்டு, அவனுக்கு இது வீடு, இவள் மறுபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், உலகத்துக்கு முன்னால் வைத்துச் சிரிக்கிறாள் என்றுதான் நினைக்கிறான், எனக்குத் தெரியும், அவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறதென்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மாமியார் வந்தால் என்ன பயம். மூன்றாவது. தாடை அசைகிறது. திரையில் அசைகிறது, வீடு உயரத்துக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கூட்டத்துக்கு அதுவும் வேடிக்கை, ஆள் சூயிங்கம் மெல்லுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

தாளம் நிற்கிறது. விளக்கு அணைகிறது. நான் மட்டும். நாலாவது சிரிப்பு வருகிறது, நிறுத்த முடியவில்லை, மூச்சு எடுக்க இடமில்லை, கண்ணில் தண்ணீர், மைக் குழாயைப் பிடித்திருக்கிற கை நடுங்குகிறது, யாராவது என் கையைப் பாருங்கள், வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். யாரும் கையைப் பார்க்கமாட்டார்கள். மைக் வாய்க்கு நேராகத்தான் இருக்கிறது. அது நேராக வருகிற குரலைத்தான் எடுத்துக்கொள்ளும் என்றான் பிரவின், ஒரு இருமலைக்கூட. சொல்லிவிட்டால் என்ன. இத்தனை வருசத்தில் யாரிடமும் சொன்னதில்லை, படியில் பார்த்த அக்காவிடம் சொல்லவில்லை, போலீசிடம் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே எப்படிச் சொல்வது, சொன்னால் யார் நம்புவார்கள். சிரிப்புக்கும் சிரிப்புக்கும் நடுவில் இடம் பார்த்து, பஸ்ஸில் ஏறுகிற மாதிரி, ஏறிவிடுகிறேன். பயமா இருக்கு. ஹா ஹா ஹா. எனக்குப் பயமா இருக்கு. என் குரல் கூரையில் போய் முட்டித் திரும்பி வருகிறது. ஹாஃபிஸ் கையை இறக்க வேண்டியவன் திகைத்துப்போய் நிற்கிறான், பிறகு அவனுக்கு ஏதோ தோன்றிவிட்டது, நல்ல பாட்டுக்காரன், எது வந்தாலும் தாளத்தில் போட்டுவிடுவான், பயமா இருக்கு என்று கைதட்டிக்கொண்டே பாடுகிறான், அவனுக்குத் தமிழ் தெரியாது. பயமா இருக்கு. தாளம் மறுபடி விழுகிறது. ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். முதல் வரிசை சொல்கிறது, பின்னால் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள், கொடிகளை ஆட்டிக்கொண்டு, குதித்துக்கொண்டு, பத்தாயிரம் பேர், எந்தெந்த நாட்டுக்காரர்களோ, நாக்கு சுழலாமல், பாயமா இருக்கூ, பாயமா இருக்கூ. சன்னாசி மட்டும் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியும்.

லிஃப்ட் கீழே வந்து நிற்பதற்கு முன்னாலேயே குதிக்கிறேன். யாரோ கட்டிப்பிடிக்கிறார்கள், யாரோ என் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார்கள், நான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன், அந்த நீளமான நடை, இறகுப் பெண்கள் எனக்கு வழிவிட்டுக் கைதட்டுகிறார்கள், பாயமா இருக்கூ என்கிறார்கள், அதற்குள் இவர்களுக்கும் பாடமாகிவிட்டது. இடுப்பு வார் அவிழவில்லை, அதன் கொக்கி தொடையில் அடிக்கிறது, எதற்குக் கட்டினார்களென்று கடைசிவரை தெரியவில்லை. அலங்கார அறையில் யாரும் இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறேன், நாற்காலியை இழுத்துக் கைப்பிடிக்குக் கீழே முட்டுக்கொடுக்கிறேன், அது சின்ன நாற்காலி, போதாது, மேசையை இழுக்கிறேன். என் பைக்குள் போன் துடிக்கிறது. லோஷினி. எத்தனை தடவை அடித்திருக்கிறாளோ.

"அம்மா. அம்மா, எங்க இருக்கீங்க."

மேசையைக் கதவோடு ஒட்டத் தள்ளுகிறேன்.

"அப்பா அங்க இருக்காரு. டிவில பாத்தேன். யாரும்மா அவர அங்க கூட்டிட்டு வந்தது." அழவில்லை, வார்டில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறாள். "நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சி. இங்க எல்லாரும் அத பாடிக்கிட்டு ஆடுறாளுங்க. எனக்குக் கேட்டுச்சிம்மா."

"ரூம்ல இருக்கேன்," என்கிறேன். "தாப்பா போட்டுட்டேன்."

"நல்லது. அங்கேயே இருங்க. எங்க டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், அவங்க அங்க இருக்கற நம்ம நாட்டுத் தூதரகத்துக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆள் வர்ற வரைக்கும் யாருக்கும் தொறக்காதீங்க. போன வைக்காதீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டின் பேரைச் சொல்கிறார்கள், ஒரு எண்ணைச் சொல்கிறார்கள், கூச்சல். இன்னொரு நாடு, இன்னொரு எண், எங்கள் ஆட்களின் கூச்சல். செருப்புச் சத்தம் ஓடி வருகிறது. கதவைத் தட்டிவிட்டுத்தான் நிற்கிறான், அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"அக்கா. அக்கா, நாம மொத இடத்துல நிக்கிறோம். வெளிய வாங்கக்கா, கேமரா ஒங்களத் தேடுது. எப்படிக்கா அந்த வரி போட்டீங்க, எனக்கே தோணல." மூச்சு வாங்குகிறான். "அக்கா, கோவமா. அவரே டிவிக்குப் போன் பண்ணாருக்கா. எங்கிட்ட வந்து அழுதாரு, மாறிட்டேன்னாரு. ஒங்கள சேத்து வைக்கலாம்னுதான்க்கா. நல்லதுன்னுதான் நெனச்சேன்."

இவன் பொய் சொல்கிறானா. குரலில் அழுகை இருக்கிறது, நிஜமான அழுகை, அன்றைக்குக் காலில் விழுந்தபோது இருந்ததும் நிஜமான அழுகைதான். என்னைப் பயமுறுத்துவதற்காகச் சன்னாசியைக் கொண்டுவந்தானா, சந்தோசப்படுத்துவதற்காகக் கொண்டுவந்தானா, எதற்காக இருந்தாலும் அவன் உள்ளே வந்துவிட்டான், கோட்டு போட்டு, டிக்கெட் எடுத்து, முதல் வரிசைக்கு. "தொறக்க மாட்டேன் தம்பி," என்கிறேன். அக்கா, அக்கா என்கிறான். யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள், எங்கள் நாட்டின் பேரை மறுபடி சொல்கிறார்கள், அவன் செருப்பு ஓடுகிறது, போய்விடுகிறது. நடைவழி அமைதியாகிறது. முழுக்க அமைதியாகவில்லை. ஓடாத காலடி ஒன்று. அவசரமே இல்லாத காலடி, பூட்ஸ், ஒவ்வொரு கதவாக நின்று நின்று, இந்தக் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது. கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்குகிறது, மேசை ஒரு விரல் அளவு நகர்கிறது, நிற்கிறது.

"பூங்கா," என்கிறான், ரொம்ப மெதுவாக. "கதவத் தொற."

வயிற்றில் திரள்கிறது. பல்லைக் கடிக்கிறேன். கையால் வாயைப் பொத்துகிறேன், விரலிடுக்கில் பிதுங்கிக்கொண்டு வருகிறது, அவனுக்குக் கேட்டுவிட்டது, எனக்கும் தெரிகிறது கேட்டுவிட்டதென்று, கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மாறுகிறது. யாரப் பாத்துடி சிரிக்கிற என்கிறான். மேசையில் முதுகைச் சாய்த்து இரண்டு காலையும் எதிர்ச்சுவரில் உதைத்துக்கொள்கிறேன், போன் காதில் அழுந்துகிறது.

"அம்மா, கேக்குது," என்கிறாள் லோஷினி. "சிரிங்க. பரவால்ல. வந்தா சிரிங்க. தொறக்காதீங்க."

சிரிக்கிறேன். மேசை முதுகில் இடிக்கிறது, சுவரில் கால் வழுக்குகிறது, மறுபடி ஊன்றுகிறேன், சத்தமாகச் சிரிக்கிறேன், திறக்கவில்லை.